பேச்சிக்கு முப்பத்தெட்டு

ஹெச்.எம். தேவசகாயம் பட்டியலை என் பக்கமாகத் திருப்பி, ஒரு பெயருக்கு நேராக விரலை வைத்தார். பேச்சியம்மாள், பத்து 'பி'. எண் முப்பத்தெட்டு.

"வேற யாரோட நம்பரோ மாறி விழுந்திருக்கு சார்" என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன் டீச்சர். மாவட்ட ஆபீசுக்கு ரெண்டு தடவ போன் போட்டுக் கேட்டுட்டேன். சரியாத்தான் இருக்காம்."

அந்த வருஷப் பொதுத்தேர்வில் பேச்சி கணக்கில் தொண்ணூற்றாறு. எங்கள் பள்ளிக்கூடத்தில் அதுதான் முதல் மார்க். ஆனால் பதினொன்றாம் வகுப்பில் யாருக்கு எந்தப் பிரிவு என்பதை மார்க் தீர்மானித்த காலம் போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. எண்தான் தீர்மானித்தது. அறுபதைத் தொட்டால் ஃபர்ஸ்ட் குரூப். நாற்பதைத் தாண்டினால் காமர்ஸ். நாற்பதுக்குக் கீழே தொழிற்பிரிவு, அதிலும் எங்கள் வட்டாரத்துக்கு ஒதுக்கியிருந்தது பேக்கிங். அட்டைப்பெட்டி மடிக்க இரண்டு வருஷப் படிப்பு. கிண்டல் செய்யவில்லை, அதற்குப் பாடப்புத்தகமே இருந்தது, நூற்றி நாற்பது பக்கம்.

எண் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியராக இருப்பவருக்குக் காதின் பின்புறம் ஒரு பொத்தானை ஒட்டிவிடுவார்கள். மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் ஒரு துளி கேமரா. ஒரு பிள்ளையைப் பார்க்கும்போது நம் கண்மணி எவ்வளவு விரிகிறது, கேள்வி கேட்டுவிட்டு எத்தனை நொடி பொறுக்கிறோம், குரல் ஏறுகிறதா இறங்குகிறதா, இதையெல்லாம் அது வருஷம் பூராவும் குறித்துக்கொண்டே இருக்கும். கடைசியில் பிள்ளைக்கு ஓர் எண் விழும். இந்த ஆசிரியர் இந்தப் பிள்ளையை எவ்வளவு நம்புகிறார் என்பதுதான் அந்த எண். சுற்றறிக்கையில் எதிர்பார்ப்பு எண் என்று போட்டிருந்தார்கள். பொத்தானுக்கும் ஏதோ நீளமான பெயர் இருந்தது. மாட்டின் காதில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த ஞாபகத்தில் நாங்கள் அதை உண்ணி என்போம்.

வருஷம் முடிகிறவரை எண்ணை எங்களுக்குக் காட்டமாட்டார்கள். காட்டினால் நடிப்போமாம்.

ஆக, முப்பத்தெட்டு என்பது பேச்சியின் தரம் இல்லை. பத்து 'பி' வகுப்பாசிரியை செண்பகவடிவு, அதாவது நான், அவளை அவ்வளவுதான் நம்பினேன் என்று அர்த்தம். அவளைத் தங்கம் தங்கம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். ஹெச்.எம். அறையில் அப்போது எனக்கு வந்த கோபத்தில் பட்டியலைக் கிழித்துப் போட்டிருப்பேன். அவர் சட்டென்று கையை அதன்மேல் வைத்துக்கொண்டார்.

இது நடந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இப்போது சொல்லும்போது எனக்குக் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. அதற்கும் காரணம் உண்டு, வருகிறேன்.

மறுநாள் காலை பேச்சியின் அம்மா ஆவுடையம்மாள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள். பீடி சுற்றுகிறவள். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தியாவது மடியில் இலையும் தூளும் வைத்த சுளகோடு உட்கார்ந்திருப்பாள். புகையிலைத் தூள் அப்பிய விரல்களைச் சேலையில் துடைத்துத் துடைத்துக்கொண்டே நின்றாள். பேச்சி அவளுக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், எம்புள்ள தங்கம்னு நீங்கதான சொன்னீய?"

"ஆமா ஆவுடை."

"பொறவு என்ன டீச்சர்? பொட்டி மடிக்கவா இவளப் படிக்க வச்சேன்? பீடி சுத்தத்தான் நான் ஒருத்தி இருக்கேன்லா. நீங்க நம்பலன்னு போட்டிருக்காம்லா. எதுக்கு நம்பல? எம்புள்ள என்ன செஞ்சா?"

 "நான் திருநெல்வேலிக்குப் போயிப் பேசுதேன்" என்றேன். அவள் பேச்சியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பேச்சி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை, ஏதோ நான்தான் பரீட்சையில் பெயிலானவள் மாதிரி பாவமாகப் பார்த்தாள்.

மாவட்ட அலுவலகத்தில் இதற்கென்று இருந்த பெண்ணின் பெயர் ரிஸ்வானா. திருச்சிக்காரி. முப்பது வயதுகூட இருக்காது. நான் போட்ட சத்தத்துக்கெல்லாம் அசரவில்லை. தண்ணீர் கொடுத்தாள், நாற்காலியை இழுத்துப் போட்டாள், திரையை என் பக்கம் திருப்பினாள். என் கண்ணாடி பார்த்த வகுப்பறை அதில் ஓடியது.

"ஜனவரி ஒன்பது பாருங்க டீச்சர். ஒவ்வொருத்தரா போர்டுல கணக்கு போடக் கூப்பிடுறீங்க. பேச்சிய மட்டும் கூப்பிடல."

"யூனிபார்ம் முதுகுல கிழிஞ்சிருந்துச்சும்மா. அத்தன பேருக்கும் முதுகக் காட்டிட்டு அவ நிக்கணுமாக்கும்?"

"கேள்வி கேட்டுட்டு மத்தவங்களுக்கு அஞ்சு செகண்ட் பொறுக்கறீங்க. இவளுக்கு ஒன்றரை செகண்ட். அதுக்குள்ள நீங்களே பதில் சொல்லிடறீங்க."

"பிள்ள தூக்கமில்லாம வரும். அம்மாக்காரிக்கு மஞ்சக்காமாலை. மூணு வாரம் இவதான் பீடி சுத்துனா. முழிச்சு முழிச்சுப் பாப்பா. பாவம்லா?"

"பிப்ரவரி மூணு. மினிமம் மெட்டீரியல் குடுத்திருக்கீங்க."

 மினிமம் மெட்டீரியல் என்பது நாற்பது பக்க ஜெராக்ஸ். தேறுவார்களா என்று சந்தேகமாக இருக்கிற பிள்ளைகளுக்குக் கடைசி மாதத்தில் கொடுப்போம். அதை மட்டும் உருப்போட்டால் முப்பத்தைந்து நிச்சயம். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் கொடுப்பதுதான், எல்லா வாத்தியார்களும் நல்லது என்று நினைத்துச் செய்வதுதான். அந்த மூன்று வாரமும் பாதி நாள் லீவு போட்ட பேச்சியின் கையிலும் அதைத் திணித்திருந்தேன். திரையில் என் குரல் கேட்டது. 'பாஸ் பண்ணாப் போதும்ட்டி. ரொம்பப் போட்டு ஒழட்டிக்காத.' எவ்வளவு பிரியமாகச் சொல்லியிருக்கிறேன்!

"இது அன்பும்மா. இதப் போயி நம்பலன்னு எழுதுனா எப்படி?"

"பாவப்படுறதையும் நம்பாததையும் இந்த மெஷின் பிரிச்சுப் பாக்காது டீச்சர். பிரிக்கத் தேவையில்லன்னு கண்டுபிடிச்சுதான் செஞ்சிருக்காங்க. இருபத்தஞ்சு வருஷம் பிள்ளைங்க பின்னாடியே போய்ப் பாத்தாங்க. ரெண்டு விதமான டீச்சர்கிட்ட படிச்சவங்களும் கடைசியில ஒரே இடத்துலதான் நிக்கறாங்க."

"அப்போ நான் நம்பலன்னா அவ உருப்படமாட்டாளா?"

"நூத்துல எண்பத்தேழு பேர் உருப்படல. மார்க் அஞ்சு வருஷத்துக்குத்தான் சரியா சொல்லுது. டீச்சரோட எண் இருபது வருஷத்துக்குச் சொல்லுது. அதனாலதான் இதையே வச்சுக்கிட்டாங்க."

"ஏம்மா, கொஞ்சமாவது யோசிச்சீங்களா? டீச்சர் நம்பாததாலதான பிள்ள கெட்டுப்போகுது? அப்ப டீச்சரத் திருத்துங்க. பிள்ளையப் புடிச்சு எதுக்குத் தள்ளுதீங்க?"

ரிஸ்வானா திரையை அணைத்தாள். அவளுக்கும் இந்தக் கேள்வி புதிது இல்லை என்று தெரிந்தது.

"டீச்சர்களத் திருத்துறது லேசில்ல டீச்சர். பிள்ளைங்களப் பிரிக்கறது லேசு" என்றாள்.

மறுபார்வை என்று ஒன்று உண்டென்று அவள்தான் சொன்னாள். ஒரு பிள்ளைக்கு இரண்டு தடவை. ஆசிரியரும் பிள்ளையும் ஒரு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து பாடம் நடத்த வேண்டும். அதில் எண் அறுபதைத் தொட்டால் பிரிவு மாறும். ஒரு மணி நேரம்தானே, பேச்சியை நம்பமாட்டேனா நான் என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

முதல் தடவையில் முப்பத்தொன்று. இருந்ததிலும் ஏழு குறைந்தது.

அந்த ஒரு மணி நேரம் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியும். 'நீ பெரிய ஆளா வருவட்டி' என்று நாலு தடவை சொன்னேன். சொல்லும்போதெல்லாம் இந்தப் பிள்ளை என்னால் கெட்டுப்போய்விடுமே என்று பயந்தேன். அவள் பென்சிலை எடுத்தாலே, தப்பாகப் போட்டுவிடுவாளோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பயத்தையும் அது நம்பாததில்தான் சேர்த்துக்கொண்டது. முடிந்து எழுந்தபோது பேச்சி என்னிடம், "பரவால்ல டீச்சர், விடுங்க" என்றாள். பதினைந்து வயதுப் பிள்ளை எனக்கு ஆறுதல் சொன்னது.

ரிஸ்வானா போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்றேன். நான் சொன்னேன்னு வெளிய சொல்லவேண்டாம். டீச்சர்களுக்குன்னு ஒரு ஊசி வந்திருக்கு. சமன்னு பேரு. இன்னும் சோதனையிலதான் இருக்கு, விருப்பப்பட்டு வர்றவங்களுக்கு மட்டும் போடறாங்க. போட்டுக்கிட்டா எல்லாப் பிள்ளையும் ஒண்ணுபோலத் தெரியும். இவ ஒசத்தி அவ மட்டம்னு தோணாது. பயமும் வராது."

"பேச்சிக்கு அறுபது வருமா?"

"யாரப் பாத்தாலும் அறுபத்தொண்ணு அறுபத்திரெண்டுல நிக்கும்னு சொல்றாங்க."

"வேற என்ன ஆகும்?"

அவள் மேசையில் இருந்த பேனாவை நகர்த்தி நகர்த்தி வைத்தாள். "எதிர்பார்ப்பு போயிடுச்சுன்னா ஏமாற்றமும் போயிடும்ல டீச்சர். அழுகை வராது. சந்தோஷமும் கொஞ்சம் மட்டாத்தான் இருக்கும்."

"எத்தன நாளைக்கு?"

"எறங்காது டீச்சர். ஒரு தடவ போட்டா போட்டதுதான்."

"வீட்டுலயும் அப்படித்தானா?"

"மனசு ஒண்ணுதானே டீச்சர். ஸ்கூலுக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணுன்னா வச்சிருக்கோம்?"

என் கணவர் சங்கரலிங்கம் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். அதிகம் பேசமாட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஊர்ல எத்தனையோ பிள்ள பேக்கிங்குக்குப் போகுது வடிவு. அத்தனைக்கும் நீ ஊசி போட்டுக்கிடுவியா?" என்றார். "மத்த பிள்ள என்னால போகல. இது என்னால போகுது" என்றேன். அதற்குமேல் அவர் தடுக்கவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட அவரே கூட வந்தார்.

ஒப்புதல் பத்திரம் பதினோரு பக்கம், பொடி எழுத்து. கேள்வியை இரண்டு தடவை வாசிச்சுட்டு எழுதுங்க என்று முப்பது வருஷம் பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்தியவள் நான். ஒரு பக்கம்கூடப் படிக்காமல், அடையாளம் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். ஊசி சுருக்கென்றது, அவ்வளவுதான். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது, "எப்படி இருக்கு?" என்று சங்கரலிங்கம் கேட்டார். "ஒண்ணும் இல்ல" என்றேன். பிறகு யோசித்துப் பார்த்து, உண்மையிலேயே ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

ஒரு வாரம் கழித்து இரண்டாவது மறுபார்வை. தொடுகோடு வரைகிற கணக்கு ஒன்றைப் பலகையில் எழுதிப்போட்டேன். மையத்திலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு புள்ளி, ஆரம் ஆறு சென்டிமீட்டர். பேச்சி கொஞ்சநேரம் பார்த்தாள்.

"டீச்சர், இது வராது."

"ஏன் வராது?"

"ஆரம் ஆறு, தூரம் அஞ்சு. புள்ளி வட்டத்துக்குள்ளல்லா கெடக்கு? உள்ள இருந்துக்கிட்டு தொடுகோடு எப்படி வரைய?"

எண்களை மாற்றி எழுதியிருந்தேன். முன்பென்றால் நாக்கைக் கடித்துக்கொண்டு அழித்திருப்பேன். அன்று பதற்றம் ஒன்றும் இல்லை, பார்த்துக்கொண்டு நின்றேன். அவளாகவே எழுந்து வந்து சாக்பீஸை என் கையிலிருந்து வாங்கிப் புள்ளியை வெளியே தள்ளி வைத்தாள். இரண்டு தொடுகோடு வரைந்தாள். பிறகு கையில் ஒட்டிய தூளை ஊதிக்கொண்டே, "இதே வட்டமா இல்லாம பந்தா இருந்தா எத்தன தொடுகோடு டீச்சர்?" என்றாள்.

"எத்தன?" என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே தெரியாது. முப்பது வருஷமாக நடத்துகிறேன், அப்படி நினைத்துப் பார்த்ததே இல்லை.

"எண்ண முடியாதுல்லா? சுத்திச் சுத்தி வந்துக்கிட்டே இருக்கும். எல்லாத்தையும் சேத்தா கோன் ஐஸ் மாதிரி வரும். மேல பந்து, கீழ கோனு." அவள் சிரித்தாள். நான் ஏன், எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மணி அடித்தபோது பலகையில் இடமே இல்லை.

வாசலில் ரிஸ்வானா, 'தகுதி' என்று அச்சிட்ட ஒரு சீட்டைக் கொடுத்தாள். எண் எதுவும் அதில் இல்லை. ஊசி வேலை செய்துவிட்டது என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். ஆவுடையம்மாள் என் காலில் விழ வந்தாள். "சரி சரி, போ" என்று சொல்லிவிட்டு நடந்தேன். மனசில் ஒன்றும் தோன்றவில்லை. அதற்குத்தானே ஊசி.

அதன் பிறகு என்ன சொல்ல? நாட்கள் போயின. காபி சூடாக இருந்தது, பிறகு ஆறியது. என் மகள் கோமதிக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தபோது, போனில் கத்தினாள், "அம்மா, கெடச்சிருச்சு!" என்று. "சரி, சாப்பிட்டியா?" என்றேன். அவள் கல்யாணத்தில் எல்லாரையும் வரவேற்றேன், இலை எண்ணினேன், தாலி கட்டும்போது அடுப்படியில் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போய்விட்டேன். கோபித்துக்கொண்டவள் பிறகு அவளாகவே சமாதானமானாள். "ஊசிம்மா, நீ என்ன செய்வ" என்றாள்.

ஐந்து வருஷத்துக்கு முன் சங்கரலிங்கம் போனார். காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். தெருப் பெண்கள் வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் அவர்கள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். 'முப்பது வருஷம் குடும்பம் நடத்துனவளுக்கு ஒரு பொட்டுக் கண்ணீர் வரலியே' என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. கோமதி அழுது வீங்கின முகத்தோடு எழுந்து வந்து, "எங்கம்மாவ யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது. அவ ஒரு பிள்ளைக்காக அவ மனசயே குடுத்தவ" என்று கூட்டத்துக்கு நடுவே சத்தம் போட்டாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

வருஷம் ஒரு தடவை சோதனைக்காரர்கள் போனில் கூப்பிட்டுப் பத்துக் கேள்வி கேட்பார்கள். கடைசியாக எப்போது அழுதீர்கள்? கடைசியாக எதற்கு ஆசைப்பட்டீர்கள்? எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று சொல்லி வைத்துவிடுவேன். நல்லது அம்மா என்பார்கள்.

போன செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு பேச்சி வந்தாள்.

அவ்வப்போது வருகிறவள்தான். புள்ளியியல் படித்து, சென்னையில் எண் போடுகிற அதே துறையில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. எண்ணை ஒழித்துக்கட்டத்தான் உள்ளே போனதாகச் சொல்வாள். இன்னும் ஒழித்தபாடில்லை, ஆனால் மறுபார்வையை இரண்டிலிருந்து ஐந்தாக மாற்ற வைத்திருக்கிறாள். வரும்போதெல்லாம் மாம்பழம், முறுக்கு என்று ஏதாவது கொண்டுவருவாள். அன்று கையை வீசிக்கொண்டு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டீச்சர், நாளைக்கு உங்களுக்கு ஒரு லெட்டர் வரும். அதுக்கு முன்னால நானே நேர்ல சொல்லிரணும்னு வந்தேன்."

"என்ன லெட்டரு?"

"சமன் சோதனை முடிஞ்சுபோச்சு. பன்னெண்டு வருஷம் முடிஞ்சதும்தான் தொறக்கணும்னு ஒரு பட்டியல சீல் வச்சிருந்தாங்க. தொறந்துட்டாங்க." நின்றபடியே சொன்னாள். "ஊசி போட்டுக்கிட்ட டீச்சர்ல பாதிப் பேருக்குத்தான் மருந்து டீச்சர். மீதிப் பாதிக்கு உப்புத்தண்ணி. வித்தியாசம் தெரியணும்ல, அதுக்காக. யாருக்கு எதுன்னு போட்டவங்களுக்கே தெரியாது. ரிஸ்வானா அக்காவுக்கும் தெரியாது. நீங்க கையெழுத்துப் போட்ட பத்திரத்துல ஏழாவது பக்கத்துல இருக்கு."

நான் அவளைப் பார்த்தேன்.

"உங்களுக்கு உப்புத்தண்ணி டீச்சர்."

வெளியே காய்கறி வண்டிக்காரன் கத்திரிக்காய் என்று கூவிக்கொண்டு போனான். கத்திரிக்காய் வாங்க வேண்டும் என்று நினைத்தேன்.

"எனக்கு மொதல்லயே சந்தேகம் இருந்துச்சு" என்று பேச்சி தொடர்ந்தாள். "வேலைக்குச் சேந்த புதுசுல என்னோட பழைய ரெக்கார்ட எடுத்துப் பாத்தேன். ரெண்டாவது மறுபார்வையில எனக்கு எண்பத்தொண்ணு. மருந்து ஏறுனா எந்த டீச்சருக்கும் அறுபத்திரெண்டுக்கு மேல போகாதுன்னுதான சொல்லியிருந்தாங்க. அப்பவே நெனச்சேன், இது ஊசி இல்ல, இது டீச்சர்தான்னு."

"மூணு வருஷமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

கோபமாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது, அவள் ஓர் அடி பின்னால் போனாள். கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

"பட்டியல் தொறக்காம உறுதியாச் சொல்ல முடியாது டீச்சர். ஒருவேள என் கணக்கு தப்பாப் போயிட்டா?"

"சரி. அப்ப எனக்கு ஏன் ஒண்ணும் தோணல? அத்தன வருஷமும் ஏன் தோணல?"

"ரிஸ்வானா அக்கா என்ன சொன்னாங்க? அழுகை வராது, சந்தோஷம் வராது, எறங்காதுன்னு சொன்னாங்க. நீங்க நம்பிட்டீங்க. அவங்களும் நம்பித்தான சொன்னாங்க."

"யாரோ ஒருத்தி சொன்னா, அத நம்பினா, ஒரு மனுஷி அப்படியே ஆயிருவாளாக்கும்?"

பேச்சியின் கண்கள் நிறைந்துவிட்டன.

"நான் ஆனேனே டீச்சர்" என்றாள்.

அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். குடித்தாள். கிளம்பும்போது வாசலில் நின்று, "இனிமேயாவது..." என்று ஏதோ சொல்லவந்து நிறுத்திக்கொண்டாள். பிறகுதான் முக்கியமானதைச் சொன்னாள். கடிதம் இரண்டு பிரதி போகிறதாம். ஒன்று எனக்கு. ஒன்று சாட்சிக்கு, சாட்சி உயிரோடு இல்லையென்றால் வாரிசுக்கு.

"கோமதிக்கா?"

"ஆமா டீச்சர். கோயம்புத்தூர் அட்ரஸுக்கு நேத்தே தபால்ல போட்டாச்சு. நிறுத்தப் பாத்தேன், முடியல."

அன்று சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து, இனி ஏதாவது வரும் என்று பார்த்தேன். மருந்து இல்லை என்றால் அடைப்பும் இல்லை, திறந்துகொள்ள வேண்டியதுதானே? சங்கரலிங்கத்தின் சட்டை ஒன்று இன்னும் பீரோவில் இருக்கிறது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். துணி நன்றாக இருந்தது, காலர் மட்டும் நைந்திருந்தது. மடித்து உள்ளே வைத்தேன்.

புதன்கிழமை காலை பத்தரைக்கு கோமதியின் போன் வந்தது. வழக்கமாக அவள் ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவாள்.

"அம்மா, ஒரு லெட்டர் வந்திருக்கு."

"ம்."

"உனக்கு ஊசியே போடலன்னு எழுதியிருக்கு. வெறும் உப்புத்தண்ணியாம். நெசமாம்மா?"

"நெசம்தான். பேச்சி வந்து சொல்லிட்டுப் போனா."

 அவளுடைய குழந்தை ஏதோ கேட்டு அடம்பிடிப்பது மட்டும் கேட்டது. அவள் அதை அதட்டவில்லை. ஒருவேளை போனை வைத்துவிட்டாளோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், விநாடி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அப்ப இத்தன வருஷமும்" என்றாள் கோமதி. குரல் உடைந்திருந்தது. "என் கல்யாணத்துலயும், அப்பா செத்தப்பவும், எனக்குப் பிள்ள பொறந்தப்பவும், அங்க நின்னது எல்லாம் நீதானாம்மா?"

"ஆமா கோமதி. நான்தான்" என்றேன்.